கான்ட், ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல்: இயற்கைவாதிக்கு எந்த வாசல்?

உலகத்தில் இருப்பதெல்லாம் இயற்கைதான். அதற்கு அப்பால் தனியாக ஒன்றும் இல்லை. அதை அறிய அறிவியலைவிட நம்பகமான வழியும் இல்லை. இப்படி நினைப்பவரை இயற்கைவாதி என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் படித்தவர்களில் பலர் இந்த ரகம்தான். அவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் ஜெர்மன் தத்துவத்தின் மீது ஆசை வருகிறது. கூடவே குழப்பமும் வருகிறது. கான்ட்டில் தொடங்குவதா, நேரே ஹெகலுக்குப் போவதா? ஷெல்லிங் என்று ஒருவர் இயற்கையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாராமே, அவரா? இல்லை, இவர்கள் எல்லோருமே கருத்துமுதல்வாதிகள், நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கிவிடும் யோசனை தமிழில் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. நம்மில் பலருக்கு ஹெகல் அறிமுகமானதே இடதுசாரிப் பதிப்பகங்களின் மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான். அங்கே தத்துவ உலகம் இரண்டு முகாம்: பொருள் முந்தியது என்பவர்கள் ஒரு பக்கம், கருத்து முந்தியது என்பவர்கள் மறுபக்கம். 1886இல் எங்கெல்ஸ், ஜெர்மன் பொருள்முதல்வாதி ஃபாயர்பாக் பற்றி எழுதிய சிறு நூலில் இந்தப் பிரிப்பு கறாராக வருகிறது. விவாதத்துக்கு வசதியான பிரிப்புதான். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கான்ட்டைத் திறந்தால் சீக்கிரமே வழி தப்பிவிடும். உலகம் என் மனதுக்குள் இருக்கிறது என்று கான்ட் சொல்லவில்லை. 1781இல் வந்த 'தூய பகுத்தறிவின் விமர்சனம்' அப்படித்தான் சொல்கிறது என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். 1787இன் இரண்டாம் பதிப்பில் அவர் 'கருத்துமுதல்வாத மறுப்பு' என்று ஒரு பகுதியையே சேர்த்தார்.

இன்னொன்று. இந்த நால்வரும் இயற்கைவாதத்தை அறியாமல் எழுதியவர்கள் இல்லை. அதன் நெருக்கடியில்தான் எழுதினார்கள். ஹெகல் பிறந்த அதே 1770இல்தான், இயற்கையைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற ஹோல்பாக்கின் 'இயற்கையின் அமைப்பு' பிரான்சில் புயலைக் கிளப்பியது. 1785இல் தத்துவவாதி யாக்கோபி, காலமான எழுத்தாளர் லெஸ்ஸிங், கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற ஸ்பினோசாவைத் தான் ஏற்பதாகத் தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று எழுதி, ஜெர்மனி முழுக்கப் பெரிய சர்ச்சையை உண்டாக்கினார். எல்லாவற்றையும் காரண காரியத்தால் விளக்கிக்கொண்டே போனால் கடவுளும் மிஞ்ச மாட்டார், சுதந்திரமும் மிஞ்சாது என்பது யாக்கோபியின் வாதம். அந்தச் சவாலுக்கு வந்த பதில்கள்தான் இந்தத் தத்துவங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல்: அறிவியலுக்கு எவ்வளவு இடம் விடுகிறார்? இயற்கைக்குள் காரண காரியச் சங்கிலியில் எங்காவது ஓட்டை போடுகிறாரா?

இரண்டாவதுதான் உண்மையான சோதனை. ஒரு பையன் ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்கிறான். பக்கத்தில் இருப்பவள் ஐம்பத்தாறு என்கிறாள். இரண்டு பேர் மூளையிலும் நடந்தது இயற்கை நிகழ்ச்சிதான். நரம்புகள் ஒரே விதிகளின்படிதான் வேலை செய்தன. அப்படியானால் அவன் சொன்னது தவறு என்பது எங்கே இருக்கிறது? அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை நரம்பியல் விளக்கலாம். அது தவறு என்பதை விளக்க அளவு, எடை, வேகம் எதுவும் உதவாது. காரணம் வேறு, நியாயம் வேறு. இயற்கைவாதியின் காலணிக்குள் கிடக்கும் கல் இதுதான். அவர் தன் கொள்கைக்கு ஆதரவாக வாதம் செய்யும்போதே அந்த நியாயத்தைத்தான் பயன்படுத்துகிறார்.

மூன்றாவது: உயிரைப் பற்றி என்ன சொல்கிறார்? நான்காவது: மறைமுகச் செலவு என்ன? அதாவது அவர் சொல்வதை ஒப்புக்கொண்ட பிறகு, பின்னால் வேறு எதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்? படிக்க எவ்வளவு கடினம் என்பதும் ஓர் அளவுகோல்தான். ஆனால் அதில் நால்வரும் கிட்டத்தட்ட ஒன்று.

## கான்ட்: அறிவியலுக்கு முழு நிலமும்

அறிவியலுக்கு இடம் விடுவதில் கான்ட்டை மிஞ்ச ஆள் இல்லை. 1755இலேயே, சூரிய மண்டலம் பரவிக் கிடந்த பொருள் நியூட்டனின் விதிகளின்படி திரண்டு உருவானது என்று எழுதியவர் அவர். பின்னாளில் அவர் தத்துவத்திலும் அனுபவ உலகத்துக்குள் எந்த ஓட்டையும் கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தைய காரணம் உண்டு, மனிதச் செயல் உட்பட. 1788இல் வந்த 'நடைமுறைப் பகுத்தறிவின் விமர்சனத்தில்' ஓர் இடம் வருகிறது. ஒருவருடைய மனப்போக்கும் அவரைப் பாதிக்கும் சூழலும் முழுக்கத் தெரிந்தால், அவர் நாளை என்ன செய்வார் என்பதைச் சூரிய கிரகணத்தைக் கணிப்பதுபோல் கணித்துவிடலாம் என்கிறார். இதைவிடக் கறாரான இயற்கைவாதம் இன்றைய நரம்பியல் புத்தகங்களில்கூட இல்லை.

அதே மூச்சில், அந்த மனிதர் சுதந்திரமானவரும்தான் என்கிறார். எப்படி? நாம் அறியும் இயற்கை, நம் அறிதிறனின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோன்றும் உலகம். இடம், காலம், காரணம் எல்லாம் அந்த நிபந்தனைகள். பொருள்கள் தன்னிலையில் எப்படி இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. சுதந்திரத்துக்கு அங்கே இடம் இருக்கலாம். ஏழெட்டுக் கேள்விக்கும் பதில் இந்த வழியில்தான் வருகிறது. (அவருடைய சொந்த உதாரணம் இன்னும் எளிது: 7+5=12.) சரி, தவறு என்ற அளவுகோல் அனுபவத்திலிருந்து பொறுக்கி எடுத்தது இல்லை. அனுபவம் என்ற ஒன்று சாத்தியமாவதற்கே அது முன்கூட்டி வேண்டும்.

செலவு என்ன? 1787இலேயே யாக்கோபி கணக்கைப் போட்டுவிட்டார். தன்னிலைப் பொருள் என்ற அனுமானம் இல்லாமல் இந்த அமைப்புக்குள் நுழைய முடியவில்லை. அதோடு உள்ளே தங்கவும் முடியவில்லை என்றார். இன்றுவரை அந்தக் குறை முழுசாகத் தீரவில்லை. இயற்கைவாதிக்கு இது இரட்டைச் சுமை. காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு சுதந்திரத்தை ஒப்புக்கொள்வது, பின்வாசல் வழியாக அப்பாலை உலகத்தை அழைத்துவருவது போலத்தான். அடுத்த செலவு, யூக்ளிடின் வடிவியலையும் நியூட்டனின் இயற்பியலையும் அவர் அனுபவத்தின் நிரந்தரச் சட்டகத்தோடு மிக நெருக்கமாகக் கட்டிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் வேறு வடிவியல்கள் வந்தன. 1915இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் அவற்றில் ஒன்றை இயற்கைக்கே பொருத்திக் காட்டியது. கட்டை அவிழ்த்துத் தளர்த்தலாம், பலர் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் தளர்த்தாமல் முடியாது.

என் கணக்கில் இயற்கைவாதிக்கு அதிகம் பயன்படும் கான்ட், 1790இல் வந்த 'தீர்ப்புத்திறன் விமர்சனத்தின்' இரண்டாம் பாதியில் இருக்கிறார். 64ஆம் பிரிவில் ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறார். மரம் இன்னொரு மரத்தை உண்டாக்குகிறது. தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. அதன் இலைகள் மரத்தால் உண்டானவை, ஆனால் இலைகளை உருவிக்கொண்டே இருந்தால் மரம் செத்துப்போகும். ஆக, அது தனக்குத் தானே காரணமும் காரியமும். அடுத்த பிரிவில் கடிகாரம் வருகிறது. கடிகாரத்தின் ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தை அசைக்கும், உண்டாக்காது. பழுதானால் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. உயிரை வெறும் இயந்திரமாகப் பார்த்தால் ஏன் ஏதோ விட்டுப்போகிறது என்பதை இந்தச் சில பக்கங்கள் சொல்வதுபோல் யாரும் சொன்னதில்லை.

அதற்காக, உயிருக்குள் ஒரு நோக்கம் உண்மையிலேயே ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நாம் அப்படிப் பார்க்காமல் உயிரைப் புரிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான். புல்லின் இதழ் ஒன்று உருவாவதை எந்த நோக்கமும் இல்லாத விதிகளால் விளக்கிக்காட்டும் ஒரு நியூட்டன் வருவார் என்று எதிர்பார்ப்பதே அபத்தம் என்றும் எழுதினார். 1859இல் டார்வினின் நூல் வந்தது. அந்தப் புல்லின் நியூட்டன் இவர்தான் என்று ஜெர்மன் உயிரியலாளர் ஹேக்கல் அறிவித்தார். ஆனால் கான்ட்டின் அதே 1790 நூலின் 80ஆம் பிரிவில், எல்லா உயிரினங்களும் ஒரே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்ற யோசனையைக் கான்ட் பரிசீலித்து, 'பகுத்தறிவின் துணிகர முயற்சி' என்று பெயர் வைத்து, அனுபவத்தில் அதற்குச் சான்று இல்லை என்று கீழே வைக்கிறார். டார்வினுக்கு 69 ஆண்டுகளுக்கு முன்னால் இவ்வளவு தூரம் வந்து நின்றதே பெரிது.

## ஃபிக்டே: எதிர்க்கட்சி வக்கீல்

ஃபிக்டேயை யாரும் இயற்கைவாதிக்குப் பரிந்துரைப்பதில்லை. நான் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பரிந்துரைப்பேன்: உங்கள் நிலைப்பாட்டைச் சோதித்துப் பார்க்க.

1800இல் பொது வாசகர்களுக்காக அவர் எழுதிய 'மனிதப் பிறவியின் நோக்கம்' என்ற சிறு நூலின் முதல் பாகம், கடும் இயற்கைவாதத்தை ஓர் எதிரி எவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொல்ல முடியும் என்பதற்கு உதாரணம். கடற்கரையில் ஒரு மணல்துகள் இப்போது கிடக்கும் இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளிக் கிடந்திருக்க வேண்டுமென்றால், அதைக் கொண்டுவந்த காற்று, அதற்கு முந்தைய வானிலை, அதற்கும் முந்தையது என்று பிரபஞ்சத்தின் கடந்த காலம் முழுதும் வேறாக இருந்திருக்க வேண்டும் என்று விரித்துக்கொண்டே போவார். படிப்பவர் தலையாட்டுவார். பிறகு கேட்பார்: அப்படியானால் இதைச் சிந்திப்பதும் நீ இல்லை, இயற்கை உனக்குள் சிந்திக்கிறது, சம்மதமா?

அவர் பதில் கடுமையானது. பொருளிலிருந்து தொடங்குவது, 'நான்' என்பதிலிருந்து தொடங்குவது என்ற இரண்டு கொள்கைகளில் எதுவும் மற்றதை நிரூபித்துத் தோற்கடிக்க முடியாது, ஒருவர் எந்தத் தத்துவத்தைத் தேர்கிறார் என்பது அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பொறுத்தது என்று 1797இல் எழுதினார். பெரும்பாலோரைத் தாங்கள் ஒரு 'நான்' என்று நம்பவைப்பதைவிட, நிலாவில் கிடக்கும் எரிமலைக் குழம்புத் துண்டு என்று நம்பவைப்பது சுலபம் என்ற நக்கலும் அவருடையதே.

செலவு அதிகம். ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் பளிச்சென்று கிடைக்கிறது: சரி, தவறு எல்லாம் சுயத்தின் செயல், கிடைத்த பொருள் இல்லை. ஆனால் இயற்கைக்கு மிஞ்சுவது எதிர்த்து நிற்கும் தடை என்ற வேடம் மட்டும்தான். மரத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் இவருக்குப் பெரிய அக்கறை இல்லை. வேதியியலோ உயிரியலோ படித்தவர் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது.

## ஷெல்லிங்: பெயரளவில் மிக நெருக்கம்

1795 பிப்ரவரியில் இருபது வயது ஷெல்லிங், நண்பர் ஹெகலுக்கு எழுதிய கடிதத்தில் 'நான் ஸ்பினோசாவாதி ஆகிவிட்டேன்' என்கிறார். இரண்டு ஆண்டில் இயற்கைத் தத்துவம் பற்றிய முதல் நூல் வந்தது. இயற்கை கண்ணுக்குத் தெரியும் மனம், மனம் கண்ணுக்குத் தெரியாத இயற்கை என்பது அதன் சாரம். மனம் வெளியிலிருந்து இயற்கைக்குள் வந்து விழுந்ததில்லை. இயற்கையே படிப்படியாக மனமாக விழிக்கிறது. கேட்டவுடன் இயற்கைவாதிக்குப் பிடித்துப்போகும். ஏழெட்டுக் கேள்விக்கும் இதமான பதில்தான்: நியாயம் என்பது இயற்கைக்கு அந்நியமான விருந்தாளி இல்லை.

இது வெறும் கனவாகவும் போகவில்லை. இயற்கையில் எல்லாச் சக்திக்கும் ஓர் எதிர்முனை உண்டு என்ற நம்பிக்கை இந்த வட்டாரத்தில் ஊறிக் கிடந்தது. 1800இல் வானியலாளர் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்டதும், எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருந்தாக வேண்டும் என்று யேனா நகரின் இயற்பியலாளர் ரிட்டர் தேடினார். 1801இல் வெள்ளி உப்பு ஊதாவுக்கு அப்பால் இன்னும் வேகமாகக் கறுப்பதைப் பார்த்தார். புற ஊதாக் கதிர் அப்படிக் கிடைத்ததுதான். ரிட்டரோடு பழகிய டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், இயற்கைச் சக்திகள் அடிப்படையில் ஒன்று என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் காட்டினார்.

மறைமுகச் செலவு இனிமேல்தான். ஒரு ரிட்டருக்குப் பின்னால், சோதனை செய்யாமலே உவமைகளை அடுக்கி இயற்கையை 'விளக்கிய' கூட்டம் ஒன்று கிளம்பியது. வேதியியலாளர் லீபிக் இளமையில் எர்லாங்கனில் ஷெல்லிங்கின் வகுப்பில் உட்கார்ந்தவர். 1840இல் அவரே இயற்கைத் தத்துவத்தை அந்த நூற்றாண்டின் 'கறுப்புச் சாவு' என்று திட்டினார். கோபம் நியாயமானது. ஷெல்லிங்கைப் படிக்கும்போது எது தத்துவ வாதம், எது 1798இன் மின்சாரப் பரபரப்பு என்று வரிக்கு வரி பிரிக்க வேண்டியிருக்கும். அது முடிந்த பிறகும், முழு இயற்கையும் தொடக்கத்திலிருந்தே மனத்தை நோக்கி நகர்ந்தது என்று ஒப்புக்கொள்ளச் சொல்வார். கான்ட் 'அப்படிப் பார்க்கிறோம்' என்று நிறுத்திய இடத்தில் இவர் 'அப்படித்தான் இருக்கிறது' என்கிறார்.

## ஹெகல்: மனிதர்களுக்கு நடுவில்

முதலில் குற்றப்பத்திரிகையைப் படித்துவிடுவோம், அது நீளமானது. நிறங்களின் விஷயத்தில் நியூட்டனுக்கு எதிராகக் கதேயின் பக்கம் நின்றார். இயற்கை படிநிலைகளின் அமைப்பு, ஆனால் ஒரு படி இன்னொன்றிலிருந்து இயற்கையாகப் பிறந்து வராது என்று தன் தத்துவத்தைத் தொகுத்துச் சொல்லும் 'கலைக்களஞ்சியம்' என்ற நூலின் 249ஆம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறார். பரிணாமத்துக்கு இடமே இல்லை. இனங்களைப் பற்றியும் ஆப்பிரிக்காவைப் பற்றியும் அவர் சொன்னவை இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும். இதெல்லாம் உண்மை. இன்னும் கோள் ஏதும் இருக்க முடியாது என்று நிரூபித்த அன்றே புதுக் கோள் கிடைத்தது என்ற பிரபலக் கதை மட்டும் ஊதிப் பெருக்கியது. 1801 ஆய்வேட்டின் கடைசியில் ஒரு பழைய எண் வரிசையைக் காட்டி, அதன்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கோளைத் தேட வேண்டியதில்லை என்கிறார். அந்த ஆண்டு முதல் நாளே வானியலாளர் பியாட்சி அங்கே சீரீஸ் என்ற சிறு கோளைக் கண்டிருந்தார். சங்கடம்தான், ஆனால் நிரூபணம் என்று அவர் எதையும் முழங்கவில்லை.

பிறகு ஏன் இவரைப் படிக்க வேண்டும்? ஏழெட்டுக் கேள்விக்கு நால்வரில் உருப்படியான பதில் இவரிடம்தான் இருக்கிறது. அவன் சொன்னது தவறு என்பது அவன் மண்டைக்குள்ளும் இல்லை, அப்பாலை உலகத்திலும் இல்லை. கணக்குப் போடுவது என்பது ஒருவரையொருவர் திருத்துகிற, திருத்தத்தை ஒப்புக்கொள்கிற, ஒருவரையொருவர் கணக்குத் தெரிந்தவராக அங்கீகரிக்கிற மனிதர்களின் பழக்கம். சரி, தவறு அந்தப் பழக்கத்துக்குள் வாழ்கிறது. பழக்கம் 'இரண்டாம் இயற்கை' என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. கலைக்களஞ்சியத்தின் 410ஆம் பிரிவில், மனிதன் நிமிர்ந்து நிற்பதையே உதாரணம் காட்டுகிறார்: தொடக்கத்தில் அது விருப்பத்தின் செயல், நாளடைவில் யோசிக்காமலே நிற்கிறோம், ஆனாலும் அது நம் விருப்பமாகவே தொடர்கிறது. உடலுக்குள் மனம் இப்படித்தான் குடியேறுகிறது. இதில் அமானுஷ்யம் எங்கே?

1807இன் 'மனத்தின் நிகழ்வியலில்' மண்டையோட்டு மேடுகளை வைத்துக் குணம் சொன்னவர்களை அவர் எடுத்துக்கொள்ளும் இடம் இன்றைக்கும் சூடாக இருக்கிறது. மனம் ஓர் எலும்பு என்று முடிக்கிற இடத்துக்கு அவர்களைத் தள்ளிக்கொண்டு போய், இதற்குச் சரியான பதில் அப்படிச் சொல்பவரின் மண்டையை உடைத்துக் காட்டுவதுதான் என்று எழுதுகிறார். ஸ்கேன் படத்தின் ஒரு வண்ணப் பொட்டைக் காட்டி 'இதோ காதல், இதோ நேர்மை' என்று சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வரும்.

இன்றைய தத்துவத்தில் இயற்கைவாதத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவதும் இந்த ஹெகல்தான். அமெரிக்கத் தத்துவவாதி குவைன் 1969இல் அறிவுக் கோட்பாட்டை உளவியலின் ஒரு பகுதியாக்கிவிடலாம் என்றார். அதற்கு முன்பே, 1956இல், ஒன்றை அறிவு என்று சொல்வது அதை நியாயங்களின் வெளியில், அதாவது ஏன் என்று கேட்டு நியாயம் சொல்லும் இடத்தில், வைப்பது என்று இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி செல்லர்ஸ் காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க 1994இல் தத்துவவாதி மெக்டொவல் கையில் எடுத்தது இரண்டாம் இயற்கை என்ற கருத்தை.

செலவு? சமூகம் முழுவதும் சேர்ந்தே தவறினால் என்ன செய்வது என்ற கேள்வி. எல்லோரும் ஐம்பத்தி நாலு என்றால் அது சரியாகிவிடுமா? வரலாறு தன் தவறைத் தானே திருத்திக்கொண்டு மேலே போகும் என்பது ஹெகலின் பதில். அந்த நம்பிக்கையை வாங்காமல் மீதியை மட்டும் வாங்கினால், கணக்கு எங்கேயோ இடிக்கிறது. இன்றைய ஹெகலியர்கள் பலர் இதை மெல்லக் கடந்துபோகிறார்கள்.

## எவரையும் தொடாமல் ஃபாயர்பாக்குக்குத் தாவினால்?

தாவலாம், நேரம் மிச்சம். ஆனால் அந்தப் பாதையில் கொஞ்சம் தள்ளி வருபவர் ஜெர்மன் பொருள்முதல்வாதி ஃபோக்ட். கல்லீரலுக்குப் பித்தநீர் எப்படியோ, மூளைக்குச் சிந்தனை அப்படி என்று 1847இல் எழுதியவர். ஐம்பத்தி நாலும் சுரப்பு, ஐம்பத்தாறும் சுரப்பு. தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.

## ஒரு பார்வையில்

| | அறிவியலுக்கு இடம் | ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| கான்ட் | முழுமையாக | அனுபவத்தின் முன்நிபந்தனை | தன்னிலைப் பொருள் |
| ஃபிக்டே | பேச்சுக்கு | சுயத்தின் செயல் | இயற்கை வெறும் தடை |
| ஷெல்லிங் | உண்டு, கூடவே தலையீடும் | இயற்கையின் விழிப்பு | இயற்கைக்கே நோக்கம் |
| ஹெகல் | நூலில் குறைவு, திருத்தினால் நிறைய | அங்கீகரித்துப் பழகிய வழக்கம் | வரலாற்றின் மீது நம்பிக்கை |

## யாருக்கு எது

இயற்பியல், கணிதம் பக்கமிருந்து வருபவருக்குக் கான்ட். 1781இன் பெரிய நூலோடு மல்லுக்கட்டுவதற்கு முன், அதன் சுருக்கமாக அவரே 1783இல் எழுதிய 'முன்னுரைகளை' எடுக்கலாம். உயிரியல், மருத்துவம் படித்தவர்களும் கான்ட்டிடமே போகலாம். ஆனால் 1790இன் நூலுக்கு, அதுவும் நேராக 64ஆம் பிரிவுக்கு. சட்டம், மொழி, சமூகம், கல்வி என்று வேலை பார்ப்பவருக்கு ஹெகல்தான். அவருடைய இயற்கைத் தத்துவத்தைத் தொடவே வேண்டாம். நிகழ்வியலில் தன்னுணர்வு பற்றிய அத்தியாயமும் மண்டையோட்டுப் பகுதியும் முதல் சுற்றுக்குப் போதும்.

தன் இயற்கைவாதத்தில் ரொம்ப உறுதியாக இருப்பவர், வேறு எதையும் தொடும் முன் ஃபிக்டேயின் 1800 நூலின் முதல் பாகத்தை ஒரே மூச்சில் படித்துவிடட்டும். ஷெல்லிங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களைப் படித்த பிறகுதான் அவர் எதை எதற்காகப் பணயம் வைத்தார் என்பது பிடிபடும். முதலிலேயே எடுத்தால், பிடித்துப்போகிற அபாயம் அதிகம்.